எழுத்தும் கலியாணம்தான்

கலியாணப் பதிவுக் கந்தோர் வாசலில் அண்ணா பஞ்சாங்கத்தை வெளியே எடுத்தபோதே எனக்கு விசர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சினில் அரைநாள் லீவுக்குக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஓக்லாந்து நகரத்துக்கு வந்திருந்தேன். இவரோ எங்களை நடைபாதையில் மறித்து வைத்திருக்கிறார்.

"ராகுகாலம் பிள்ளை. பன்னிரண்டு கழியட்டும், உள்ள போவம்."

"அண்ணை, இண்டைக்குக் கலியாணமில்லை. கலியாண லைசென்சுக்கு எழுதிக் குடுக்கத்தான் வந்தனாங்கள்."

"எழுதிறதும் நல்ல நேரத்தில எழுதோணும்."

யேசுராசா, நான் கட்டப்போகிறவர், பக்கத்தில் நின்றார். சிரிப்பை மறைக்க ரோட்டைப் பார்த்தார். மன்னார் ஆள், விரி என்ற இடத்தில் ஒரு வெயார்ஹவுசில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; நான் சைவம். கோயிலிலும் சரிவராது, சேர்ச்சிலும் சரிவராது என்றுதான் பதிவுக் கந்தோரில் கட்டுவதென்று முடிவெடுத்திருந்தோம். எனக்கு முப்பத்திநாலு வயது. இதற்கு மேலும் ராகுகாலம் பார்த்தால் கிழவியாகித்தான் கட்டவேண்டும்.

பன்னிரண்டு கழிந்தபிறகு உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பொறுமைசாலி. கலியாணம் எங்கே, எப்போது என்று கேட்டு நிரப்பினாள். இருவரில் ஒருவர் சத்தியக் கையெழுத்து வைத்தால் போதும், மூன்று நாளில் லைசென்ஸ் வரும் என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், இருவரில் யாராவது முன்பு கலியாணம் செய்தவர்களா என்று கேட்டாள்.

நான் வாய் திறக்க முதல் அண்ணா முந்திக்கொண்டார். "நோ, நோ. நெவர்."

அவள் பேனையை என்னிடம் நீட்டினாள். பொய் சொல்லிக் கையெழுத்து வைத்தால் குற்றம் என்பதையும் மெதுவாகச் சொன்னாள்.

பேனையை வாங்கினேன், எழுதவில்லை. எங்கள் பக்கம் கலியாணத்துக்கு முன்னமே பதிவு நடக்கும். பதிவுகாரர் வீட்டுக்கே வருவார், பலகாரம் சாப்பிடுவார், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைப்பார்கள். அதைத்தான் எழுத்து என்போம். தாலிகட்டு பிறகு, வசதிப்படி. எனக்கும் எண்பத்தொன்பதில் யாழ்ப்பாணத்தில் பாஸ்கரன் என்பவருடன் எழுத்து நடந்தது. எழுத்து முடிந்த கையோடு அவர் கனடா போனார். ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டுத் தாலி கட்டுவதாகச் சொன்னார். கொஞ்சக்காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அவரோடு நான் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை.

பேனையைக் கீழே வைத்தேன். "ஐ வோஸ் மரீட்" என்றேன்.

அப்படியென்றால் அது முறிந்ததற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், அது இல்லாமல் லைசென்ஸ் தர முடியாது என்றாள் அவள்.

அண்ணாவின் முகம் கறுத்தது. "எடி விசரி! தாலி ஏறாத கலியாணமும் ஒரு கலியாணமே? அது சும்மா எழுத்துத்தானே!"

சும்மா எழுத்து!  கந்தோர் என்றும் பார்க்காமல் குரலை உயர்த்தினேன்.

"ஏழு வருசம் அண்ணை! வந்த சம்பந்தமெல்லாத்தையும் 'எழுத்து முடிஞ்ச பிள்ளை' எண்டு திருப்பி அனுப்பினீங்கள். ஒரு நல்ல சீலை உடுத்தால் 'எழுத்து முடிஞ்சவள் அடக்கமாய் இரு' எண்டீங்கள். அப்ப அது கலியாணம், இப்ப சும்மா எழுத்தோ? கலியாணமெண்டால் நான் அதை முறிச்சுப்போட்டு வாறன். கலியாணமில்லையெண்டால் என்னை ஏன் கட்டி வைச்சிருந்தனீங்கள்?"

அண்ணா சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லக் கதை, சனம் பாக்குது" என்றார்.

பார்க்கட்டுமே.

வெளியே வந்தோம். பயமில்லை என்று சொன்னால் பொய். கோர்ட் உத்தரவுக்கு எத்தனை மாதம் போகுமோ, இந்த மனிதர் அதுவரை நிற்பாரோ என்று யோசனை ஓடியது. யேசுராசா பக்கத்தில் வந்தார்.

"பிந்தினால் பிந்தட்டும். பொய்ச் சத்தியம் பண்ணித் தொடங்கிற குடும்பம் எனக்கும் வேண்டாம். நீர் அலுவலைப் பாரும், நான் எங்கை போகப்போறன்?"

அண்ணா காரில் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். "டிவோசுக்காரி எண்டெல்லோ கதைக்கப் போகுதுகள். நாளைக்கு என்ர பிள்ளையளுக்கும் சம்பந்தம் பேச வேண்டாமே?"

"ஊர்வாயை மூட உலைமூடி இல்லை அண்ணை" என்றேன். மங்கரேயில் அண்ணா வீட்டில்தான் நானும் இருந்தேன்.

இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு வக்கீல் பெண் எனக்குக் கிடைத்தாள். மனு போட்டாள். பாஸ்கரனின் தாய்வீட்டு விலாசம் என்னிடம் இருந்தது. அவர்கள் மூலம் அவருடைய ரொறன்ரோ விலாசத்தைப் பிடித்து, பேப்பரை அவர் கையில் சேர்ப்பித்தோம்.

ஒரு ஞாயிறு காலை, அண்ணா வீட்டுப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"தமயந்தியே? நான் பாஸ்கரன். ஏன் உப்பிடிக் கோடு கச்சேரி எண்டு போறீர்? இஞ்ச எனக்கு மனுசி பிள்ளையள் இருக்கினம். அவ உதைப் பாத்தால் என்ன நினைப்பா? பேசாமல் ஒரு கோயில்ல தாலியைக் கட்டிப்போட்டு இரும். நானும் அப்பிடித்தானே செய்தனான்."

போனைக் காதோடு அழுத்தினேன். "எப்ப கட்டினீர்?"

"தொண்ணூத்திரண்டில. ஏன், உம்மட அண்ணைக்குத் தெரியுமே! நான் அப்பவே போன் பண்ணிச் சொன்னனான். இந்த நம்பரும் அவர் தந்ததுதான்."

ஏழு வருடம் 'அவர்' என்று மரியாதையாக நினைத்திருந்த ஆள். "வடிவாய்க் கேளும்" என்றேன். "எதிர்க்கிறதெண்டால் ஓக்லாந்துக்கு வந்து கோட்டில நிண்டு எதிரும். ஏலாதெண்டால் வாயை மூடிக்கொண்டிரும்." போனை வைத்தேன்.

அண்ணா ஹோலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்கரனுக்குக் கலியாணம் முடிஞ்சது உங்களுக்குத் தெரியுமே?"

பேப்பர் தாழவில்லை. "உன்ர மனம் நொந்துபோம் எண்டுதான்…"

"நொந்துபோறது என்ர மனமோ, உங்கட மானமோ?"

குசினியிலிருந்து அண்ணாவின் மனுசி, மச்சாள் இராசமலர், எட்டிப் பார்த்தாள். "சொல்லுங்கோ சொல்லுங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். இந்த மனுசன் கேட்டால்தானே!" என்றாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். இந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டு, அந்தச் சோற்றையே எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

அழுதேன்தான். அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினேன். வேலைக் கூட்டாளி ஒருத்தியின் வீட்டில் ஒரு அறை இருந்தது, அங்கே போனேன். யேசுராசா வான் கொண்டுவந்து சாமானை ஏற்றினார். அண்ணா வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

பாஸ்கரன் எதிர்க்கவில்லை. உத்தரவு வந்தது. அதே கவுண்டருக்குப் போனேன். பஞ்சாங்கம் பார்க்காமல், மனம் வந்த நேரத்தில். விவாகரத்தானவள் என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்துக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

பதிவுக் கந்தோரின் சின்ன அறையில் கலியாணம் நடந்தது. மச்சாள் அண்ணாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர். யேசுராசாவின் ஆட்கள், என்னோடு வேலை செய்கிறவர்கள், எங்கள் சங்கத் தலைவர் தவராசா, எல்லோரும் நின்றார்கள். கையெழுத்து வைத்தோம். கேக் வெட்டினோம். அண்ணா தவராசாவின் பக்கத்தில் நின்று, குரலைக் கனிய வைத்துக்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது.

"தங்கச்சிக்கு இப்பதான் காலம் கூடி வந்தது. முதல் கலியாணம், ஊரெண்டால் பெரிசாய்ச் செய்திருப்பம்…"

மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். விடு என்று உதறினேன்.

"இது இரண்டாவது, தவராசா அண்ணை" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. "முதலாவது இவர் பேசிச் செய்து வைச்சது. இதுதான் நானாய்ச் செய்யிறது."