பேச்சியம்மா பேசினாள்

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஐவி குடையைத் தலைக்குப் பிடிக்காமல் கையிலிருந்த அட்டைப்பெட்டிக்குப் பிடித்தாள். ராகலையில் ஒரு சப்பாத்துக் கடையில் கேட்டு வாங்கிய பெட்டி அது. உள்ளே தடுப்புகள் ஒட்டி, வாசல்கள் வெட்டி, தகரம் போலத் தெரியும் தாளில் கூரை மடித்து, வாரம் முழுக்க உட்கார்ந்து தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றைச் செய்திருந்தாள். பிள்ளைகளை விளையாடவிட்டுக் கவனிப்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் கொடுத்த பொம்மை வீடு லண்டனிலிருந்து வந்தது. மாடிப்படி, கணப்பு அடுப்பு, குளிக்கத் தொட்டி எல்லாம் இருந்தன. முதல் தடவை அதைத் திறந்து வைத்தபோது ஒரு பையன், "இது தொரை பங்களாவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதன் பிறகு ஒரு பிள்ளையும் அதைத் தொடவில்லை.

பட்டம் வாங்கிய பிறகு படிக்கிற ஒரு வருடப் பயிற்சி அது. பள்ளிக்கூடத்தில் படிக்க முடியாத, பழக முடியாத பிள்ளைகளின் மனசில் என்ன இருக்கிறது என்று அறிந்து உதவுகிறவர்களை உருவாக்குவதற்காகத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்த சிலரில் தோட்டத்திலிருந்து போனவள் ஐவி ஒருத்திதான். அவளுடைய அப்பா மரியநாயகம் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நேர்முகத்தில் ஒரு பெரியவர், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனசைப் பற்றிய படிப்பெல்லாம் எதற்கு, வயிற்றைப் பற்றிய படிப்பு போதாதா?" என்று சிரித்தபோது, பக்கத்தில் இருந்த, பயிற்சியை நடத்துகிற மிஸ் அருளம்பலம் சிரிக்கவில்லை. "அவைக்குத்தான் முதல்ல வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஐவி அவரைக் கும்பிடாத குறையாக நேசித்தாள். லண்டனில் படித்துவிட்டு வந்த மிஸ் கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டுவார். சில வாரங்களில் ஐவியும் அப்படித்தான் கட்டினாள்.

பள்ளிக்கூடத்தின் பின்னால் விறகு அடுக்கும் சின்ன அறையைப் பொன்னையா வாத்தியார் அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். ஐந்து வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டு மல்லாடுகிற மனிதர். பேச்சியம்மாவைக் காட்டியதும் அவர்தான். "நல்லாப் பேசிக்கிட்டிருந்த புள்ளைங்க. போன வருசம் மண்ணு சரிஞ்சு அப்பன் செத்தான். அப்புறம் கொஞ்ச நாள்ல வாயை மூடுனதுதான். அடிச்சும் பாத்தாச்சு, மிட்டாய் குடுத்தும் பாத்தாச்சு. பேரு பேச்சி, பேச்சே இல்லைன்னு மத்ததுக கேலி பண்ணுதுக."

அன்று பேச்சியம்மா அட்டை லயத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல வந்து குந்தினாள். நாசுக்கான விரல்கள். துணிப் பொம்மைகளில் அம்மாவை எடுத்து அடுப்பு மூலையில் வைத்தாள். சின்னதை எடுத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார வைத்தாள். ஆண் பொம்மையை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கூரையைக் கழற்றி, தடுப்புச் சுவரின் மேலே அதைக் குறுக்காகப் படுக்கவைத்து, கூரையை மறுபடி மூடினாள்.

ஐவி முன்னால் குனியவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்தப் படிப்பிலேயே கஷ்டமான பாடம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. அந்த இரைச்சல் கொடுத்த தைரியத்தில்தானோ என்னவோ, சிறுமி கூரைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஒரு வருடமாகப் புழங்காத கரகரத்த குரலில், "சத்தம் போடாதீங்க மாமா" என்றாள்.

மாமா செல்லசாமி, அம்மாவுக்குத் தம்பி. அக்கா தாலியறுத்து நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, கடதாசி எதுவுமில்லாமல் இந்தியாவிலிருந்து தோணியேறி வந்தவன். விடியுமுன்னே சிங்கள ஆட்களின் மரக்கறித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், லயம் அடங்கியதும் திரும்பி, கூரைக்குக் கீழே பலகை போட்டுப் படுத்துக்கொள்வான். வாயைத் திறந்தால் மாமாவைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். எதைச் சொன்னால் அதன் பின்னால் இது வந்துவிடுமோ என்று பயந்து, அந்தப் பிள்ளை எதையுமே சொல்லாமல் விட்டுவிட்டது. துண்டு துண்டாக, பொம்மையைப் பார்த்தபடியே, இதையெல்லாம் அவள் ஐவியிடம் கொட்டினாள். முடிந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"நான் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஐவி.

"சத்தியமா?"

ஐவி கையை நீட்டினாள். சிறுமி அதன்மேல் தன் உள்ளங்கையைப் பலமாக அழுத்திவிட்டு ஓடிப்போனாள்.

கள்ளத்தோணி என்ற வார்த்தை மலையில் என்ன செய்யும் என்று ஐவிக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்த அவளுடைய அப்பா, பிரஜாவுரிமைக்காகப் படியேறி இறங்கியே நரைத்துப் போனவர். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை மிஸ்ஸின் அறைக்குப் போகும்போது அவள் மனசில் பயம் இல்லை, பெருமைதான் இருந்தது. வேறு யாராலும் திறக்க முடியாத வாயை அவள் திறந்திருக்கிறாள். எப்படித் திறந்தது என்று சொல்லாமல் அந்தப் பெருமையைச் சொல்ல முடியாது. வாராவாரம் பிள்ளைகளைப் பற்றி மேற்பார்வையாளரான மிஸ்ஸிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின் விதி. அந்த விதியின் பின்னால் தன்னுடைய ஆசையும் ஒளிந்து நின்றதை அவள் பிற்பாடுதான் பார்த்தாள்.

"கதவைச் சாத்தும் ஐவி. ஏன் தயங்கிறீர்? இங்க கதைக்கிறது இந்த அறையோட. நீர் எனக்கு ஒளிச்சால் நான் உமக்கு எப்பிடி உதவி செய்யிறது?"

ஐவி சொன்னாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "என்ர மாணவர்களில ஒருத்தரும் இப்பிடி ஒரு வேலை செய்ததில்லை" என்றார். அன்று விடுதிக்கு நடந்துபோன பாதை முழுக்க ஐவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த சில வாரங்கள் பேச்சியம்மா விறகு அறையில் மட்டும் பேசினாள். ஆட்டுக்குட்டியைப் பற்றி, தம்பி மண் தின்பதைப் பற்றி. மண்டபத்துக்குள் போனதும் வாய் மூடிக்கொள்ளும். அவசரப்பட வேண்டாம் என்று ஐவி இருந்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பொன்னையா வாத்தியார் பள்ளிக்கூட வாசலிலேயே அவளை மறித்தார்.

"பேச்சி இன்னிக்கு வரலைங்க. நேத்து விடியக்காலம் பொலிஸ் ஜீப்பு வந்துச்சு. நேரா பேச்சி வீட்டுக் காம்பராவுக்குத்தான் போனாங்க. தேடக்கூட இல்ல. ஒருத்தன் ஏணியை வச்சான், மேல இருந்தவனைக் காலைப் புடிச்சு இழுத்தான். கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்களாம்."

"யாரு சொன்னது?"

"அதான் தெரியலைங்க. லயம் முழுக்கத் தெரியும், ஒரு வருசமா ஒரு குருவி மூச்சு விடல."

வேறு யாராவது சொல்லியிருக்கலாம் என்று ஐவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாதையில் இறங்கினாள். லயத்துப் பக்கம் போகத் துணிவு வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலைத் திருப்பத்தில் துரையின் ஜீப் அவளைக் கடந்துபோய், நின்று, பின்னால் வந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை. தோட்டத்திலேயே நரைத்தவர், ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ்.

"நீதானே ஐவி? நல்ல கெட்டிக்காரி. பேசாத புள்ளை பேச வச்சது." அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "உங்க மிஸ் பங்களாவுல சாப்பிட வந்தப்ப சொல்லிச்சு. ஆள் கூரையில இருக்கான், புள்ளை வாய் பூட்டு! எல்லாரும் ஆச்சரியம். என் தோட்டம், எனக்குத் தெரியாது! அப்புறம் பொலிசுக்குச் சொல்லாம முடியுமா? சட்டம் இருக்கு." ஏதோ பரிசு கொடுத்தவர் மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐவி பாதையோரத்து மதகில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அந்த மேசை மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. வெள்ளைத் துணி, வெள்ளிக் கரண்டிகள், மிஸ் தன் மெல்லிய குரலில், மற்றவர்கள் காது கொடுக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்வது. மிஸ் நன்றாகக் கதை சொல்வார். வகுப்பிலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மிஸ் கதவைச் சாத்தச் சொல்வதற்கு முன்பே ஐவி கேட்டுவிட்டாள். மிஸ்ஸின் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே பழையபடி ஆனது.

"நான் பேர் சொல்லேல்லை."

"அந்தத் தோட்டத்துல பேசாத புள்ளை ஒன்னுதான் மிஸ்."

"ஐவி, நான் வேணுமெண்டு செய்தனானோ? அந்தப் பள்ளிக்கூடத்தில வேலை செய்ய எங்களுக்கு அனுமதி தந்தவர் அவர். மரியாதைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இந்தப் படிப்பால என்ன பிரயோசனம் எண்டு கேட்டார். ஒரு உதாரணம் சொன்னன். சொல்லாட்டி இப்பிடியான ஆக்களுக்கு எப்பிடி விளங்கப் பண்ணுறது?"

"இந்த அறையோடன்னு சொன்னீங்க."

மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். திரும்பியபோது குரல் கனிந்திருந்தது. அந்தக் கனிவுதான் ஐவியைக் கூடுதலாகச் சுட்டது. "அந்தாள் எப்பிடியும் ஒரு நாளைக்குப் பிடிபட்டிருப்பான். நீர் பிள்ளையைப் பாரும். நேற்று அந்த மாஸ்டரோட ரெலிபோனில கதைச்சனான். பிள்ளை இப்ப வகுப்பில வாய்விட்டு வாசிக்குதாம். ஒளிக்க ஒண்டும் இல்லையெண்ட உடனே கட்டு அவிழ்ந்து போச்சு. பாத்தீரோ? கடைசிக் கருத்தரங்கில நீர் இதைத்தான் பேசப் போறீர். கொழும்பிலயிருந்து ஆக்கள் வருவினம்."

"நான் பேச மாட்டேன் மிஸ்."

"பேசாட்டி டிப்ளோமா இல்லை, உமக்குத் தெரியும். நீர் வந்த இடத்தையும் யோசியும். உமக்குப் பிறகு இன்னொரு தோட்டத்துப் பிள்ளைக்கு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

வெளியே வந்ததும் ஐவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். எங்கே கட்டுவது என்று தெரியாமல் கைப்பைக்குள் போட்டாள்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் திரும்புகிற நேரத்தில், நேரே லயத்துக்குப் போனாள். பேச்சியின் அம்மா நாகலெட்சுமி இஸ்தோப்பில், மழைக்கு இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே கூரைக்குக் கீழே பலகையைக் காணோம்.

"பேச்சியைப் பாக்கணுங்க."

"பாத்து? அவளை அடிச்ச அடியில முதுகெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. ஒரு வருசம் மூடுன வாயை எவகிட்டடி தொறந்தேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். ஒங்க பேரைச் சொல்லவே இல்ல. நான்தான் கண்டுக்கிட்டேன்."

ஐவி தூணைப் பிடித்துக்கொண்டாள். "அவ மேல தப்பில்லைங்க. அவ எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. நான்தான் எங்க மிஸ்கிட்ட சொன்னேன். அங்கேர்ந்து தொரைக்குப் போச்சு. அது அவளுக்குத் தெரியணும். இல்லாட்டி ஆயுசுக்கும் தன்னாலதான்னு நெனைச்சுக்கிட்டிருக்கும் அது."

நாகலெட்சுமி படங்கை மடித்தாள். மடித்ததைத் திரும்பவும் பிரித்தாள்.

"இந்த லயத்துல குடிச்சிட்டு வெட்டிக்கிற ஆளுக இருக்காங்க. எம்மூஞ்சியில முழிக்காதவளுக இருக்காங்க. ஒருத்தர் காட்டிக் குடுக்கல. தோட்டத்துப் புள்ளை படிச்சுப்புட்டு வந்திருக்கு, நம்ம புள்ளைன்னு நெனைச்சுத்தான் அந்த ரூமுக்கு அனுப்பினேன்." குரல் உயரவே இல்லை. பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏய் பேச்சி, இங்க வா. இவங்க என்னமோ சொல்லணுமாம்."

பேச்சியம்மா தண்ணீர் வாளியோடு வந்து நின்றாள். ஐவி அவள் முன்னால் குந்தி, தான் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீ சொன்னதால் அல்ல, நான் சொன்னதால் என்று இரண்டு தடவை சொன்னாள். சிறுமி வாளியின் பிடியைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும் அம்மாவின் பக்கம் திரும்பி, தெளிவான, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அம்மா, நான் தண்ணிக்குப் போகட்டா?"

நாகலெட்சுமி மகளின் தலையில் கையை வைத்து எடுத்தாள். "போ. வழுக்கும், பாத்துப் போ."

ஐவி பாதையில் இறங்கினாள். மலையிலிருந்து மூட்டம் கீழே வந்துகொண்டிருந்தது. முன்னால் பேச்சியம்மா இன்னும் இரண்டு சிறுமிகளோடு வாளியை ஆட்டிக்கொண்டு போனாள். ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். ஆட்டுக்குட்டி வேலி தாண்டிய கதை. இடையிடையே சிரிப்பு. பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியதும் கதை பாதியில் நின்றது. மூன்று பேரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பேச்சியம்மா உதடுகளை இறுக்கி மூடித் தேயிலைச் செடிகளைப் பார்த்தாள்.

ஐவி தாண்டிப் போனாள். வளைவு திரும்பியதும் மேலே, மூட்டத்துக்குள்ளிருந்து, அந்தக் குரல் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. கீழே ரோட்டில் கடைசி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தது. ஐவி வளைவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.