கழுவாத அரிசி

மருத்துவமனையில் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது ஒரே பாட்டுத்தான்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம், விடுங்க." கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் விளையாட்டாக வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் புருஷன் வீட்டை விட்டுப் போனபோது சொன்ன காரணமும் மூச்சைப் பற்றியதுதான். "இங்க எனக்கு மூச்சு முட்டுது," என்றான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வேறொருத்தி இருக்கிறாள் என்பதை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், பால் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்வதுபோல. அதற்கு அவள், "குடை எடுத்துக்கோங்க," என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

போனவன் சவரக்கத்தியை எடுத்துக்கொண்டான், போன் சார்ஜரை எடுத்துக்கொண்டான், குளிர்சாதனப் பெட்டியில் பாதி இருந்த ஊறுகாய் பாட்டிலைக்கூட விடவில்லை. பெற்ற அப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் இவர்களோடுதான் இருந்தார். அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் அவர் டிரைவர் சார். மகன் போன நாளிலிருந்து குற்றவாளி தானே என்பதுபோல நடமாடினார். வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி, துடைத்து, அலமாரியில் அடுக்கினார். இருமல் வந்தால் பால்கனிக்குப் போய் இருமினார்.

அவளுக்கு அழுகையே வரவில்லை. "அழுதுடு, பாரம் இறங்கும்," என்று வார்டு நர்ஸ் ஒருத்தி தினமும் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அலுத்துப்போய், "என்ன இது, இடிச்ச புளி மாதிரி இருக்கியே!" என்று திட்டினாள். உண்மைதான். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள், அதைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. மேலே என்ன பட்டாலும் உள்ளே போகவில்லை. வெயில் வெயிலாகத் தெரியவில்லை. ரொட்டிக்கும் அட்டைக்கும் வித்தியாசம் இல்லை. நின்றபடியே எதையாவது மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு மத்தியானம் பாப்பா வர்றாம்மா. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு."

பாப்பா என்பது அவர் மகள், இவளுக்கு நாத்தனார். கல்யாணமாகி இரட்டைப் பிள்ளைகள் பெற்று, ஊரின் மறுகோடியில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். அப்பாவுக்கு இன்னும் பாப்பாதான்.

"சரி மாமா," என்றாள் அவள். அப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

மறுநாள் காலை, வருகிறவளுக்குச் சாப்பிட ஏதாவது செய்ய வேண்டுமே என்று சமையலறை அலமாரியைத் திறந்தாள். கடைக்குப் போயே நாளாகியிருந்தது. கூடையில் கொஞ்சம் காளான், இரண்டு வெங்காயம், வாடிய காரட் ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெயும் ஒரு துண்டு சீஸும் அரை மூடி எலுமிச்சையும். பின்வரிசையில் கையை விட்டபோது அந்தக் குண்டு அரிசிப் பொட்டலம் தட்டுப்பட்டது.

அது அவனுடைய அரிசி. ரிசோட்டோ என்ற அந்த இத்தாலிச் சோறு ஒன்றுதான் அவனுக்குச் சமைக்கத் தெரியும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கவசத்துணி கட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவன்போல அடுப்பங்கரைக்குள் இறங்குவான். அவள் வெங்காயம் நறுக்கிக் கொடுக்க வேண்டும், காளான் துடைத்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் நின்று ஆகா என்று சொல்ல வேண்டும். பேர் அவனுக்கு, பாத்திரம் அவளுக்கு.

பொட்டலத்தைக் குப்பையில் போடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அரிசி அரிசியாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணத்தில் கொட்டி மேடையில் வைத்துவிட்டு வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தாள்.

மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். "நான் ஏதாவது செய்யட்டுமாம்மா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் அரிசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"கழுவாதீங்க மாமா!"

அந்த வீட்டில் பல வாரங்களாக யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கிழவர் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கழுவாம எப்படிம்மா? தூசி தும்பு இருக்காதா?"

"இதைக் கழுவக் கூடாது. மேல இருக்கிற மாவு போயிடும். அந்த மாவுதான் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்கும்."

"ஓகோ. அப்ப நல்லா குழைய விடணும்."

"குழையவும் கூடாது. நடுவுல லேசா கடிபடணும்."

"உதிரியா?"

"உதிரியாவும் இருக்கக் கூடாது."

கிழவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "குழையவும் கூடாது, உதிரியாவும் வரக் கூடாது. சரியான ரெண்டுங்கெட்டான் சோறு. அவனுக்குப் பிடிச்சதுல ஆச்சரியமே இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. அவளுக்கு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் சிரிப்புக்குத் தூரத்துச் சொந்தம்.

காரட்டையும் காளான் காம்புகளையும் வெங்காயத் தோலோடு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்தது. மற்றதில் அடிகனமான பாத்திரத்தை வைத்தாள். காளானை வதக்கித் தனியே எடுத்தாள். வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய வெங்காயம், அது கண்ணாடியாக மாறியதும் அரிசி. வறுபட்ட அரிசி கலகலவென்று சத்தம் போட்டது. ஓரமெல்லாம் தெளிந்து, நடுவில் மட்டும் வெள்ளைப் பொட்டு நின்றது. அந்த எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது.

"இனிமே கிளறிக்கிட்டே இருக்கணும் மாமா. அது குடிச்சதும் அடுத்த கரண்டி. மொத்தமா ஊத்திட்டு மூடி போட்டுட முடியாது."

"கொடு, நான் கிளறறேன். மலைப்பாதையில ராத்திரி பகலா ரெண்டாம் கியர்லயே வண்டி ஓட்டினவன் நான். எனக்கென்ன."

மரக்கரண்டியை அவர் இரண்டு கையாலும் பிடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை. அவசரமே இல்லாமல், அடி தொட்டு, ஓரம் வழித்து, வட்டமாகக் கிளறினார். அவள் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள்.

"ஊத்தட்டுமா?"

"இரும்மா. இன்னும் ஈரம் இருக்கு... ம், இப்ப ஊத்து."

ஊற்றினாள். கிளறினார். ஊற்றினாள். பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் பேச ஆரம்பித்தார்.

"நான் போறது உனக்கும் நல்லதுதான்ம்மா. அவன் மூஞ்சியை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி என் மூஞ்சி. காலையில எழுந்ததும் இதைப் பார்த்துக்கிட்டு நீ வேலைக்குப் போகணும்னு என்ன தலையெழுத்து?"

அவள் இதுவரை அப்படி நினைத்ததில்லை. திரும்பி அவரை உற்றுப் பார்த்தாள், படம் எடுப்பதற்கு முன்னால் நோயாளியின் தோளைச் சரியான கோணத்தில் நிறுத்திப் பார்ப்பதுபோல.

"காது மட்டும்தான் மாமா," என்றாள்.

"என்னது?"

"உங்க காது மட்டும்தான் அவருக்கு. மத்ததெல்லாம் வேற."

கிழவர் ஒரு கையால் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டு வந்தது. "வளர்த்தது சரியில்லம்மா. பாதி நாள் ராத்திரி நான் ரோட்டுலதான்..."

"கிளறுங்க மாமா, அடி பிடிச்சிடும்," என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் கிளறினார்.

ஒரு பருக்கையை எடுத்து அவள் நசுக்கிப் பார்த்தாள். ஒரு சோறு பதம். அடுப்பை அணைத்து, காளானைப் போட்டு, வெண்ணெய்யும் துருவிய சீஸும் தூவியபோது அழைப்பு மணி அடித்தது.

நாத்தனார் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். "அப்பா, பெட்டி ரெடியா? கீழ வண்டியைக் கேட்டை மறிச்சு நிறுத்திட்டு வந்திருக்கேன். அண்ணி, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும், முதல்ல அதைப் பேசிடலாம்..."

"முதல்ல கையைக் கழுவிட்டு உக்காரு," என்றார் கிழவர். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்பாங்க. இந்தச் சோத்துக்கு அந்தப் பழமொழி செல்லாது. ஆறினா களிமண்ணு."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அரிசியைக் கழுவப்போன மனிதர் இப்போது வாத்தியார் ஆகிவிட்டார்.

தட்டில் விட்டதும் சோறு தானாகவே மெல்லப் பரவி ஓரத்தைத் தொட்டது. மேலே பளபளப்பு, நடுநடுவே காளானின் பழுப்பு. அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாக்குக்கு முதலில் தெரிந்தது உப்பு. சீஸின் உப்பு. பிறகு வெண்ணெயின் வழவழப்பு, அப்புறம் பல்லுக்கு நடுவில் அந்தச் சின்னக் கடி. வேறொன்றும் நடந்துவிடவில்லை. மனசு அப்படியே கிடந்தது. ஆனால் வயிறு இன்னொரு வாய் கேட்டது. கொடுத்தாள். மறுபடியும் கேட்டது. தட்டு காலியானதும் எழுந்து போய் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு வந்தாள். அதை மாமனார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர்போலத் தண்ணீர் குடித்தார்.

"நல்லா இருக்கே," என்றாள் நாத்தனார், நம்ப முடியாமல். "அண்ணன் பண்ணா சுவரு பூசலாம்."

அப்போது மேஜைமேல் கிழவரின் போன் அலறியது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். மகன்.

அவர் எடுத்தார். "சொல்லு... சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்... உன் தங்கச்சி வந்திருக்கா... ம், மருமகளும்தான். அவ வீட்டுல அவ இல்லாம?... ரிசோட்டோ... ஆமா, நாங்கதான் பண்ணோம்... எங்கேர்ந்தா? நீ விட்டுட்டுப் போன அரிசிதான்."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்டது.

"இல்லடா, நல்லாத்தான் வந்திருக்கு. அப்புறம் பேசறேன், ஆறிடும்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தார்.

தான் எப்படி இருக்கிறோம் என்று அவன் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்ப்பதுபோல இருந்தது: முறிவு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தது, வலி படத்தில் விழவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் எழுந்தாள். "கிளம்பலாமாப்பா? பிள்ளைங்க ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன். அதுங்க ஹால்ல படுத்துக்கும். அவரும் சரின்னுட்டார்." அந்தச் சரியை வாங்க அவள் எவ்வளவு மல்லுக்கட்டினாள் என்பது கண்ணுக்குக் கீழேயிருந்த கருவளையத்தில் தெரிந்தது.

கிழவர் பெட்டியை எடுக்க அறைப்பக்கம் திரும்பினார்.

"மாமா இங்கயே இருக்கட்டுமே," என்றாள் அவள்.

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன அண்ணி சொல்றீங்க? அண்ணனே இல்லாத வீட்டுல எந்த உறவை வெச்சு இவரு இருக்கிறது? நாலு பேர் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"உறவெல்லாம் எனக்குத் தெரியல. நான் வேலைக்குப் போறப்ப உள்ளேர்ந்து கதவு சாத்த ஒரு ஆள் இருக்காங்க. திரும்பி வர்றப்ப விளக்கு எரியுது. அவ்வளவுதான்."

கிழவர் அறை வாசலில் நின்றபடி கேட்டார். "நான் உனக்குப் பாரமில்லையாம்மா?"

"தெரியல மாமா. பாரமா இருந்தா சொல்றேன்."

அழுதது நாத்தனார்தான். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, சாப்பிட்ட கையோடு முகத்தை மூட முடியாமல், அப்படியே அழுதாள். "வெட்கமா இருக்கு அண்ணி. வண்டி ஓட்டிக்கிட்டு வர்றப்ப, எங்கேயாவது நீங்க தடுத்துட மாட்டீங்களான்னுதான் நெனச்சுக்கிட்டே வந்தேன். பெத்த பொண்ணு நெனக்கிற நெனப்பா இது?" அவள் நாத்தனாருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் தாமதமாகத் தட்டினாள்.

கீழே யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். கேட்டை மறித்த வண்டி ஞாபகம் வந்து நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்த மாதம் மாமனார் தானே கடைக்குப் போய், விசாரித்து, அந்தக் குண்டு அரிசியில் புதுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். மருமகள் வேலையிலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒண்டியாக இறங்கினார். நடுவில் எதிர்வீட்டுக்காரர் வந்து பென்ஷனைப் பற்றி ஏதோ கேட்க, வாசலில் பேச்சு நீண்டுவிட்டது. அவள் படியேறி வரும்போதே தீய்ந்த நாற்றம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பாத்திரத்தின் அடி கரிக்கட்டை, அடுப்பு இன்னும் எரிகிறது.

கோபம் உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சந்தலைக்கு ஏறியது. "அடுப்பைப் பத்த வெச்சுட்டு வாசல்ல என்ன அரட்டை? வீடே பத்திக்கிட்டு எரிஞ்சிருந்தா? நான் யாருக்கு பதில் சொல்றது? ஒருத்தராவது இந்த வீட்டுல பொறுப்பா இருக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். அவனைச் சொல்ல வேண்டியது, இவரைச் சொல்ல வேண்டியது, எல்லாம் கலந்து வந்தது. எதிர்வீட்டுக்காரர் நைசாகக் கதவைச் சாத்திக்கொண்டார். கத்தி முடித்ததும் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கிழவர் அடுப்பை அணைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். பாத்திரத்தில் கருகாமல் மேலாக இருந்ததை ஒரு தட்டில் வழித்து வைத்தார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கம்பி நாரை எடுத்துக்கொண்டு, கறக் கறக்கென்று தேய்க்க ஆரம்பித்தார்.

"மேலாப்புல கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு, எடுத்து வெச்சிருக்கேன்," என்றார், திரும்பாமலே. "திட்டி முடிச்சிட்டியா, சாப்பிடறியா?"

"முடிக்கல," என்றாள் அவள். ஆனால் தட்டுக்குக் கையை நீட்டினாள்.