மூன்றாம் நிலையில் வல்லி

குணசீலனின் தங்கை அமுதவல்லி, 'தங்கத் தவளை' என்னும் டிவி கேமின் மூன்றாம் நிலையில் முப்பத்தொரு ஆண்டுகளாக வசித்து வந்தாள். குடும்ப அட்டையிலும் அந்த முகவரியே இருந்தது. திருமண வீடுகளில் யாராவது விசாரித்தால், "வல்லி மூணாவது ஸ்டேஜ்ல இருக்கா" என்று தாயார் சொல்வார். கேட்டவர்கள் தலையசைத்துவிட்டுப் பந்திக்குச் செல்வார்கள்.

அது சிறந்த ஆட்டம் அன்று. கேசட்டின் மேல் மோட்டார் சைக்கிள் படம் ஒட்டியிருந்தது. உள்ளே மோட்டார் சைக்கிள் இல்லை, தவளையும் இல்லை. இருவர் காட்டு வழியே வலப்புறமாக நடக்க வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் அடியெடுத்து வைத்தால் மட்டுமே திரை நகரும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். திரை இடப்புறம் திரும்பாது. கடந்த இடம் அழிந்துவிடும். உறையூரில் அந்தக் கேசட்டை விலை கொடுத்து வாங்கியது ஒரே ஒரு குடும்பம்.

அன்று குணசீலனுக்குப் பதினொரு வயது, வல்லிக்கு ஒன்பது. "சாப்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, அவர் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். கை கழுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. அது திரும்பி வந்தபோது வல்லி திரைக்குள் இருந்தாள். மறுவாரம் அவர் தம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து ஒரு கிரிக்கெட் மட்டையை வாங்கிக்கொண்டார். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தங்கையைப் பார்க்கவும் போகவில்லை.

இப்போது ஓர் அறிவிப்பு வந்திருந்தது. இம்மாத இறுதிக்குள் வலப்புறம் ஓர் அடியேனும் நகராதவர்கள் பின்னணிக் காட்சியாகப் பதிவு செய்யப்படுவார்கள். வல்லியின் பெயருக்கு எதிரே 'மரம்' என்று பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது.

குணசீலன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நிலைகள் அலுவலகத்துக்குச் சென்றார். அங்கே அந்தோணிசாமி என்னும் எழுத்தர் அமர்ந்திருந்தார்.

"எத்தனாவது பிளேயர்?"

"முதல் பிளேயர்."

"ஜாய்ஸ்டிக் எங்க?"

"மட்டைக்கு மாத்திட்டேன்."

அந்தோணிசாமி படிவத்தில் 'மட்டை' என்று எழுதினார். "நல்லா ஆடுனீங்களா?"

"டீம்ல சேத்துக்கவே இல்ல சார்."

"சரி விடுங்க. கைய வீசி நடந்தாலே போதும். திரும்புங்க."

"எதுக்கு?"

"ஊதணும்ல. கேசட்டையும் ஊதித்தானே போடுவீங்க."

அந்தோணிசாமி நாற்காலியிலிருந்து எழுந்து, குணசீலனின் சட்டைக் காலரை இறக்கி, பிடரியில் ஊதினார். குணசீலனின் உடலில் கிடைக்கோடுகள் ஓடின. மீண்டும் ஊதினார். தாழ்வாரம் தலைகீழாயிற்று. மூன்றாம் முறை எல்லாம் சரியாக நின்றது.

"மத்தவங்க ரெண்டே ஊதல்ல ஏறிடுவாங்க. உங்களுக்குத் தூசி ஜாஸ்தி சார்" என்றார் அந்தோணிசாமி. "பதினொன்னரைக்குள்ள வந்துடுங்க. கதவு இடப்பக்கம் இருக்கு. ஒரு அடி வெச்சா போதும், ஸ்டாம்ப் குத்திடுவேன். ரெண்டாவது அடியில பாதிக் கதவு போயிடும். மூணாவது அடிக்குக் கதவே கிடையாது."

"அதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"இந்த ஆட்டத்த யாரு சார் ஆடுனா, எனக்குத் தெரிய?"

முதல் நிலையில் இப்போது ஜெராக்ஸ் கடை இயங்கி வந்தது. இரண்டாம் நிலையில் இருசக்கர வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். குணசீலன் இரண்டையும் கடந்து மூன்றாம் நிலைக்குள் நுழைந்தார்.

அங்கே மரங்கள் இருந்தன. நான்கு நொடிக்கு ஒருமுறை ஒரே பறவை பறந்து சென்றது. வல்லி திரையின் வலது ஓரத்தில் தோளைச் சாய்த்து நின்றாள். அவளுக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. மூன்று நிறங்களே அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், நரையும் பச்சையாகவே இருந்தது.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

"இன்னைக்கா?"

"அன்னைக்கு."

"வத்தக்கொழம்பு."

"வத்தக்கொழம்புக்கா இவ்ளோ நேரம்?"

பறவை சென்றது.

"தொப்பை வேற போட்டுருக்க. நடப்பியா?"

"நடப்பேன். நோட்டீஸ் பாத்தியா வல்லி? உன்ன மரம்னு போட்டுருக்காங்க."

"பாத்தேன். என்ன மரம்னாவது போட்டுருக்கலாம்."

அவர் அவளருகே சென்று நின்றார். வல்லி மூன்று வரை எண்ணினாள். இருவரும் வலது காலை ஒன்றாக எடுத்து வைத்தார்கள். திரை ஓர் அடி நகர்ந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஸ்டாம்ப் ரெடி சார். கைய நீட்டுங்க."

வல்லி காப்பாற்றப்பட்டாள். குணசீலன் கதவை நோக்கி இரண்டு எட்டு நடந்துவிட்டு, அவள் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணித் திரும்பினார். அவள் பார்க்கவில்லை. திரையின் வலது விளிம்பில், ஒரு விரல் அகலத்துக்கு, இளஞ்சிவப்பாக ஏதோ புதிதாகத் தோன்றியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையுதுண்ணா."

"எது?"

"அது."

அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். அது அசைந்தது உண்மை. மேலும் கீழுமாக, மெதுவாக அசைந்தது.

"கூடாரமா இருக்குமோ?" என்றார்.

"காத்தே இல்லியே இங்க."

"பன்னி?"

"போ நீ. ஸ்டாம்ப் வாங்கிட்டு வீட்டுக்குப் போ. மணி ஆகுதுல்ல? நான் இத வெச்சே அடுத்த மாசம் வரைக்கும் ஓட்டிடுவேன்."

அவள் அதைக் கோபமின்றிச் சொன்னாள். அதுவே அவருக்குப் பெரும் இடைஞ்சலாக இருந்தது. கதவருகே கைக்கடிகாரத்தைத் தட்டும் ஓசை கேட்டது. குணசீலன் அந்த இளஞ்சிவப்பை மீண்டும் பார்த்தார். அது என்ன என்று தெரியாமல் பேருந்தில் ஏறி, அலுவலகத்துக்குச் சென்று, பிற்பகல் கோப்புகளைப் பார்ப்பதாகக் கற்பனை செய்ய முயன்றார். கோப்புகள் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"எண்ணு" என்றார்.

"நெசமாவா?"

"எண்ணுடி."

இரண்டாம் அடியில் கதவு பாதியாயிற்று. மீந்த பாதியின் வழியே அந்தோணிசாமி அரைமுகமாகத் தெரிந்தார். "சார், ஸ்டாம்ப் மை காயுது" என்றார். மூன்றாம் அடியில் அந்தோணிசாமி இல்லை.

அது கடல். யாரோ வரையத் தொடங்கிப் பாதியில் எழுந்து போயிருந்தார்கள். நீல நிறம் தீர்ந்துபோனதால் இளஞ்சிவப்பை ஊற்றியிருந்தார்கள். அலை இருந்தது, ஓசை இல்லை. மேலே வானம் வைக்கப்படவில்லை. இங்கே இதுவரை எவரும் வந்ததில்லை என்பதால், இந்த நீரில் இறங்கினால் உயிர் போகுமா போகாதா என்று எவரும் முடிவு செய்திருக்கவில்லை.

வல்லி ஒரு காலை நீரில் வைத்தாள்.

"என்னாச்சு?"

"ஈரமா இருக்கு."

"வேற?"

அவள் காலால் நீரைத் துழாவினாள்.

"வேற ஒண்ணும் எழுதல போல. வாயேண்ணா, நீ வராம நகராது."

குணசீலன் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டார். கடலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது போதாது என்று கண்டு, மேலும் ஒரு மடிப்பு மடித்தார். பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள்.