குழந்தைகள் பட்டியலில் மங்கலம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் பிளாட்டின் கேட்டுக்குக் கூரியர் வாங்கப் போனேன். கூரியர் வரவில்லை, கதைதான் பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

"அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து எத்தனையோ தலைமுறைகள்..." (கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.)

2

மங்கலம், மூன்றாம் மாடி பாகீரதி மாமி வீட்டோடு இருந்து சமைப்பவள். நாகர்கோவிலில் அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. பஸ் பிடிக்கக் கிளம்பியவளைச் செக்யூரிட்டி சுனில் மறித்துவிட்டான்.

"கேட் ஆப்புல மாமி ஓகே அமுக்கணும் சேச்சி."

குழந்தைகள் தனியாக வெளியே போகாதிருக்க எங்கள் அசோசியேஷன் போனில் செய்த ஏற்பாடு அது. மங்கலம் நாற்பதைத் தாண்டியவள். ஆனால் பெயர் பதியும்போது, "வேலைக்காரின்னு போட மனசு வரலை. அவ எங்காத்துக் கொழந்தை" என்று மாமி அவளைக் குழந்தைகள் பட்டியலில் சேர்த்துவிட்டாள். குழந்தை கையில் சம்பளம் எதற்கு? பாஸ்புக்கும் ஆதாரும் மாமியின் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

(மாமியைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஓணத்துக்குத் தனக்கு எடுக்கும் கடையிலேயே மங்கலத்துக்கும் புடவை எடுப்பவள். எழுத வரவில்லை.)

3

மாமி போனை எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தாள். (இவ்வளவு பொருத்தமா என்பீர்கள். கச்சேரி என்று மாற்றிப் பார்த்தேன், சப்பென்று ஆகிவிட்டது.)

"நான் போகக் கூடாதுன்னு சட்டம் உண்டா சுனிலே?"

"சட்டமெல்லாம் சேச்சி பக்கம்தான். ஆப்தான் சம்மதிக்கல்ல."

"அங்க பிள்ள கெடந்து துடிக்கா. கேட்டத் தொற மக்கா."

"என் சோலி போயிரும் சேச்சி."

4

முடிவு ஒன்று: மாமி கைதட்டல் வாங்கி இறங்கி, போனைப் பார்த்துப் பதறி, ஓகே அமுக்குகிறாள். மங்கலம் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த நன்றியை எழுதக் கை கூசியது.

முடிவு இரண்டு: சுனில் கேட்டைத் திறந்துவிட, மங்கலம் ஓட்டமும் நடையுமாக... (அவன் வேலைக்கு யார் பொறுப்பு? நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவதை யோசிக்கையில் மங்கலம் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியவங்க கூடப் போனா பிள்ளைகள விடுவாங்கதானே, சாரே?"

சுனில் தலையாட்டினான். மங்கலம் கையை நீட்டினாள், ரோட்டைக் கடக்கும் சின்னப் பிள்ளையைப் போல.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை ஒழியவில்லை. தவிர, மாமி என் பக்கத்து வீடு. வாசிக்கிற உங்களுக்குக் கை சும்மாதானே இருக்கிறது? அவள் இன்னும் கையை மடக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது.