மொஹ்சினுக்கு ஒரு ஸ்கேன்

என் தம்பி மொஹ்சினை எங்கள் வீட்டில் பெண் குழந்தை என்றுதான் வளர்த்தார்கள். இப்போது அவனுக்குத் தாடி இருக்கிறது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு விசில் ஊதும் வேலை இருக்கிறது. கர்ப்பப்பையும் இருக்கிறது. மாதக்கணக்காக ரத்தப்போக்கு நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போனால், பெண்கள் பக்கத்தில் இருப்பவர்கள் ஆண்கள் பக்கத்துக்குத் துரத்துவார்கள். அங்கே போனால் மறுபடியும் இங்கே. போன தடவை திரும்பி வந்தவன், "வுடுக்கா, இனிமே நான் போவ மாட்டேன்" என்று படுத்துவிட்டான். வந்த ஆத்திரத்தில் இன்று நானே அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்த ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

பெண்கள் பக்கத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்தோம். வாசலில் இருந்த ஆயாம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"பொம்பள சீட்டுல புருஷன் பேர எழுதி வெச்சிக்கிறான் பாரு. நீ வாம்மா. யோவ், நீ அப்பால நில்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

"படுங்க, துணியைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கில்ல மேடம். வெளிய நிக்கிற என் தம்பிக்கு" என்று மெல்லத்தான் சொன்னேன்.

அந்தம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "கர்ப்பப்பை ஸ்கேன் இந்த ஆம்பளைக்கா?" என்றார். தண்டோரா போடாத குறைதான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மொஹ்சின் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்தான்" என்றார் டாக்டரம்மா.

நான் போய் ஸ்கேன் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "போலீஸ இட்டாந்தாலும் செரி. அவனப் பாக்காம இங்க வேற யாரும் படுக்க முடியாது!"

ஆயாம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. வெளியே வரிசை சத்தம் போட ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவன் வயிற்றில் கருவியை வைத்து அழுத்திய டாக்டரம்மாவின் கை, திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பிறகு அவனிடமே சீறினார்.

"எவ்ளோ பெரிய கட்டி! இப்படி வளர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வரணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

மொஹ்சின் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"வந்துகினுதான் இருந்தேன் மேடம். நீங்கதான் உள்ள வுடல."