லைட்டு ஆடுகிற பெட்டி

"அந்த ஸ்பீக்கர் ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டு, அந்தக் காசுல அம்மா காதைக் காட்டணும்ப்பா."

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த ராஜகுருவின் கை அப்படியே நின்றது. அடுப்படி வாசலில் தோசைக்கரண்டியோடு நின்ற சந்தனம்மாள் மகளை முறைத்தாள். மற்றதெல்லாம் பேசு, காது விஷயத்தை மட்டும் வீட்டு ஆம்பளைகளிடம் எடுக்கவே கூடாது என்று முந்தின நாள் சாயங்காலம்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். விடிந்ததும் அமுதவள்ளி எடுத்துவிட்டாள்.

"காதா? அவ காதுக்கு என்ன?"

"கேக்கல."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான கேட்டுச்சு?"

"கேட்டுச்சுன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

பாளையம்பட்டியில் அவர்கள் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. மூத்தவன் மருதுபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறான். நரிக்குடிப் பக்கமிருந்து கரிமூட்டை ஏற்றி வருவான். அவனுக்குக் காரியாபட்டியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். வீடு பார்ப்பதென்றால் சும்மா வந்து காப்பி குடித்துவிட்டுப் போவதல்ல. குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பீரோவைத் தட்டிப் பார்ப்பார்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒரு சித்தி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போன தை மாதம் எதிர்வீட்டுக்கு அப்படி வந்தவர்கள், ஹாலில் அதிர்ந்த பாட்டுப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார்களாம். அதிலிருந்து மருதுபாண்டிக்கும் ஒரு செட்டு வேண்டும் என்றாகிவிட்டது.

சந்தனம்மாள் அருப்புக்கோட்டை மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் நின்றவள். இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டாள். மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் வெள்ளையடித்தார்கள், கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், மீதி செட்டுக்கு என்றார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அமுதவள்ளியும் கேட்கவில்லை.

எந்தச் சாமானை முதலில் வாங்குவது என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் முட்டிக்கொண்டது. அமுதவள்ளி பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அந்தக் குடும்பத்தில் காலேஜ் கேட்டைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். மதுரையில் ஒரு ஆடியோ கடையில் வேலை.

"சப்-வூஃபர்தான் முதல்ல. அடிச்சா தெருக்கோடி வரைக்கும் குலுங்கணும்" என்றான் மருதுபாண்டி.

"வீட்டுக்குத்தான வாங்குற, தெருவுக்கா? பாதிக்கு மேல ஸ்பீக்கர்ல போடுண்ணே. ஸ்பீக்கர் சொத்தையா இருந்தா நீ ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வச்சாலும் தகரத்தைத் தட்டுன மாதிரித்தான் இருக்கும். ஆம்பு அளவா இருந்தாப் போதும். சப்பு அப்புறம் வாங்கிக்கலாம்."

"மதுரையில நாலு பேருக்குப் பெட்டி வித்தவுடன பெரிய இவளாயிட்டா. அம்மா, நீ சொல்லு."

சந்தனம்மாள் மகன் போனில் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சிவப்பும் பச்சையுமாக லைட்டு ஏறி இறங்கும் ஆம்பைத் தொட்டுக் காட்டினாள். "இந்த லைட்டு ஆடுறதுதான் நல்லாருக்கு. கீழ வைக்கிற அந்தப் பெரிய பெட்டியும் வேணும். எதிர்வீட்டுல அது அடிக்கயில நம்ம தரையெல்லாம் கிர்ருங்குதுல்ல, அது சுகமா இருக்கு."

"நீ என்ன, பாட்டைக் கண்ணால பாக்கப் போறியா? இல்ல காலால கேக்கப் போறியா?" என்று அமுதவள்ளி கேட்டாள்.

சந்தனம்மாள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் லைட்டு ஆடுகிற ஆம்பு ஒன்றை, சின்னதாக, அண்ணனுக்காக அமுதவள்ளி விட்டுக்கொடுத்தாள். மீதிப் பணம் அத்தனையும் அவள் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்களுக்குப் போனது. பெரிய பெட்டி இல்லை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி, 'வீட்டுல யாரு கேக்கப் போறாங்க?' என்பதுதான். முழங்கால் வலிக்காரர் என்றால் ரிமோட் பெரிசாக இருக்கிற செட்டைக் காட்டுவாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் கேட்டவள் தன் வீட்டில் கேட்காமல் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் செட்டை மாட்டினாள். ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். ஸ்பீக்கர் வயரை இன்னும் சொருகவில்லை. போனும் ஆம்பும் சேர்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பாட்டை ஓடவிட்டு, மேஜைக்குப் பின்னால் குத்தவைத்து வயர் நுனியைச் சீவிக்கொண்டிருந்தாள். ஆம்பில் லைட்டு ஏறி இறங்கியது. பெட்டிகள் ஊமையாக இருந்தன.

"ரொம்ப நல்லாருக்குத்தா" என்றாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்தனம்மாள். "குரலு எம்புட்டுத் தெளிவு!"

அமுதவள்ளி கையிலிருந்த வயரைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தக் கத்தரியை எடு" என்றாள் குனிந்தபடியே. பதில் இல்லை. எழுந்து அம்மாவின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். "அம்மா, வீட்டுல தீப்பிடிச்சிருச்சு." சந்தனம்மாள் லைட்டைப் பார்த்துத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். முன்னால் வந்து, "கேக்குதாம்மா?" என்றாள்.

"கேக்குது, கேக்குது."

"பாட்டே வரலம்மா."

சந்தனம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மில்லுக்குள்ளே மிஷின் இரைச்சலில் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மேஸ்திரியைத் திட்டுவதுகூட அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் கொஞ்ச நேரம் ங்ஙொய் என்று இருக்கும், காலையில் சரியாகிவிடும். அப்புறம் சரியாகாமலே போய்விட்டது. மூஞ்சியைப் பார்த்தால் போதும், பிழைத்துக்கொள்வேன் என்றாள்.

"எப்ப இருந்தும்மா?"

"நீ ஆஸ்டல் போன வருசம் இருந்து."

அமுதவள்ளிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா, "வீடியோல வாத்தா, மூஞ்சியைக் காட்டு" என்று நச்சரிப்பாள். ரூமில் நாலு பேர் இருக்கிறார்கள், டேட்டா தீர்ந்துவிடும், என்ன கொஞ்சல் இது என்று எரிச்சலில் பாதி நாள் சாதாரண போன்தான் போட்டாள். போனில் அம்மா, "ம்... ம்... சாப்பிட்டியா?" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்வாள். ஒருமுறை அமுதவள்ளி பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று அழுதுகொண்டே சொன்னாள். அம்மா, "சந்தோசம்த்தா, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள். அதற்காக ஒரு மாதம் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். பிசிக்ஸ் படிக்கிற புத்தியில் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அப்போதே காட்டியிருந்தால், கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். இரைச்சல் தின்ற காது தானாக வளர்ந்து வராது என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லியைப் பாதியில் விட்டு ராஜகுரு கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஏ சந்தனம், இவ சொல்றது நெசமா? ஒனக்குக் காது கேக்காதா?"

நேருக்கு நேர் நின்று கேட்டால் அவள் தோற்பாளா? "நல்லாத்தான் கேக்குது. இவளுக்கு வேற வேலை இல்ல" என்றாள் பட்டென்று.

"கேட்டுக்க" என்றார் ராஜகுரு.

"திரும்பி நிக்கச் சொல்லிக் கேளுங்கப்பா. நீங்க கூப்பிட்டுத் திரும்பலைனு எத்தனை தடவை அம்மாவைத் திமிரு புடிச்சவளுன்னு வஞ்சிருக்கீங்க? ஒருநா சொம்பைத் தூக்கி எறிஞ்சீங்களே, அன்னைக்கு அம்மா எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

ராஜகுரு துண்டை எடுத்து, காய்ந்த கையை மறுபடி துடைத்தார். மனைவி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மருதுபாண்டிதான் குதித்தான். "வெள்ளிக்கிழமை ஆளு வாராக. எங்கம்மா காதுல மிஷினை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, இது பரம்பரைச் செவிடு, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரும்பாங்க. செட்டும் இல்லாம, மிஷினும் வச்சுக்கிட்டு... நல்லாருக்கும் வீடு!"

"இது பரம்பரை இல்லண்ணே, மில்லு. நீ போட்ட சட்டையெல்லாம் அந்தக் காதுல இருந்து வந்ததுதான்."

"கல்யாணம் முடியட்டும்னுதான சொல்றோம்?"

ராஜகுருவும் மெதுவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மட்டும் தாண்டட்டும் புள்ள. நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் அமுதவள்ளிக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கல்யாணம் வரும், கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் முன்னால் எப்படி என்பார்கள், அப்புறம் வளைகாப்பு, அப்புறம் வயசாகிவிட்டது இனி எதற்கு என்பார்கள். இவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை.

அவள் மேஜைக்குப் பின்னால் போய் வயர்களை உருவினாள். ஸ்பீக்கர்களைத் தெர்மாக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் இறக்கினாள்.

"ஏய், கை வைக்காத! யாரைக் கேட்டு எடுக்குற?"

"பில்லு என் பேருல இருக்கு. பணம் அம்மாவோடது. உன்னைய எதுக்குக் கேக்கணும்?"

சந்தனம்மாள் வந்து பெட்டியின் மேல் கைவைத்தாள். "வேணாம்த்தா. அண்ணனுக்கு நல்ல காரியம். நான் இத்தனை வருசம் சமாளிச்சிட்டேன். டாக்டருட்டயெல்லாம் நான் வர மாட்டேன்."

அமுதவள்ளி நிமிர்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னாள். "நீ வரலேன்னாலும் இதைத் திருப்பிக் குடுத்துருவேன். பணம் ஆஸ்பத்திரிக்குன்னு என்கிட்ட இருக்கும். புதன்கிழமை டாக்டர்ட்டப் பேர் குடுக்குறேன். நீ வாரதும் வராததும் உன் இஷ்டம். வராட்டி அடுத்த புதன்கிழமை குடுப்பேன்."

சந்தனம்மாள் மகளின் உதட்டிலிருந்து ஒரு சொல்லும் விடாமல் வாங்கிக்கொண்டாள். பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. அமுதவள்ளியே அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டு, ஒன்றைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு, புதுப் பெயிண்ட் வாசம் போகாத கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். பின்னாலிருந்து அண்ணன் கத்தினான். அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தெருவில் இறங்கி டவுன் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.