அதிராத பம்புகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் திருடினேன். முன் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "அக்கா, எல்லாம் அந்த ரப்பரால வந்தது. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?" அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எந்த ரப்பர்? மச்சானிடம் கேட்டேன். என் மனைவியின் தம்பி, பம்ப் தொழிற்சாலையில் இன்ஜினியர். "எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு ரப்பர்தான் அப்படி ஆளைக் கவுக்கும்" என்று சிரித்தான். கீழே வரும் தொழில் விஷயமெல்லாம் அவன் தந்தது. புளுகெல்லாம் என்னுடையது.

2

முதல் தொடக்கம்: காலை வெயில் தொழிற்சாலையின் தகரக் கூரையில் பட்டு...

(வேண்டாம். வெயில் பட்டால் என்ன, படாவிட்டால் நமக்கென்ன?)

இரண்டாம் தொடக்கம்: சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் என்றால் அவளுக்கு...

(சும்மா அளக்கிறேன். மார்க் வந்தது, சேர்ந்தாள்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்து, ஒரு பம்ப் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் வந்தவள். கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பெயின்ட் அடித்து வரும் பம்பை ஓடவிட்டு, அதன் பேரிங் மேல் காந்தம் வைத்த சென்சாரை ஒட்டி, எவ்வளவு அதிர்கிறது என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் அதிர்ந்தால் பம்ப் ரிஜெக்ட்.

இன்டர்ன்ஷிப் வந்த பிள்ளைகளில் ஒருவருக்குக் கம்பெனியே கடைசி வருடத்துக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்து, படிப்பு முடிந்ததும் வேலையும் போட்டுக் கொடுக்கும். அது தனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள். தனக்காக மட்டுமில்லை. அவளுடைய அக்கா நர்ஸிங்கைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்த்தான் இவளைப் படிக்க வைக்கிறாள். "உனக்கு ஸ்காலர்ஷிப் வந்துட்டா நானும் மறுபடி நர்ஸிங்ல சேர்ந்துடுவேன்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அழுதுகொண்டு சொன்னால்கூடத் தாங்கிவிடலாம்.

3

பெயின்டர் ஒருநாள் சண்டைக்கு வந்தார். "ஏம்மா, கண்ணாடி மாதிரி பூசி அனுப்புறேன். நீ பூனை மாதிரி பிராண்டி வச்சிடுற. மறுபடி யாரு பூசுறது, உங்கப்பாவா?"

காந்தத்தின் விளிம்பு புதுப் பெயின்ட்டைக் கீறியிருந்தது. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, காந்தத்துக்கு அடியில் கொடுத்து ஒட்டினாள். கீறல் நின்றது. பெயின்டருக்கும் வாயெல்லாம் பல். இதை யாரிடமாவது கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். மச்சான் சொல்கிறான்: "புதுசா வர்ற நல்ல பிள்ளைங்கதான் மாமா இதைப் பண்ணும். அக்கறை இல்லாதவன் கீறிட்டு அவன் பாட்டுக்குப் போயிடுவான்.")

அதன் பிறகு ரிஜெக்ட் மளமளவென்று குறைந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "உனக்குக் கைராசிம்மா" என்றார். ஷெட் முழுக்க அவளுக்குக் 'கைராசி' என்றே பேராகிவிட்டது. ஸ்காலர்ஷிப் கமிட்டி முன்னால் இதையே ப்ராஜெக்ட்டாகப் பேசச் சொன்னார்.

4

பேசுவதற்காகக் கிராஃப் போட்டபோதுதான் பார்த்தாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவில்லை. ஓர் இடத்தில் தொப்பென்று விழுந்திருந்தது. அன்றைக்கு அப்படி என்ன மாறியது? அவள் ரப்பர் வைத்த நாள் அது.

ரப்பரை எடுத்துவிட்டு, பாஸ் ஆகி நின்ற பம்புகளை மறுபடி அளந்தாள். ஒன்று அளவைத் தாண்டியது. அடுத்தது சரி. அதற்கடுத்தது மறுபடி தாண்டியது. அதிர்வை ரப்பர் விழுங்கியிருக்கிறது. அந்தப் பம்புகள் ஏதோ ஓர் ஊரின் குடிதண்ணீருக்குப் போகிறவை. நாளைக்கு லாரியில் ஏறுகின்றன. நாளைக்கேதான் கமிட்டி.

பஸ்ஸில் ஏறி அக்காவுக்குப் போன் போட்டாள். நான் ஒட்டுக்கேட்டது அதைத்தான். அக்கா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுதிப் பார்த்தேன்.

"உண்மையச் சொல்லிடுடி." (அக்காவைத் தெய்வமாக்கிவிட்டேன். கோடு போட்டு அடித்தாயிற்று.)

"வாய மூடிக்கிட்டு இரு." (இவளென்ன வில்லியா?)

"சாப்பிட்டியா?" (இதுதான் அக்கா.) "இல்லக்கா." "வீட்டுக்கு வா முதல்ல."

5

முடிவுகளில்தான் மாட்டிக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறாள், கமிட்டி எழுந்து நின்று கைதட்டுகிறது. எந்த உலகத்தில்?

மறைத்துவிடுகிறாள், ஸ்காலர்ஷிப் வருகிறது, அக்கா நர்ஸிங்கில் சேர்கிறாள், எங்கோ ஒரு பம்ப் சிக்கி நின்று ஊரே குடத்தோடு... (இல்லை. பாதிப் பம்புகள் வருடக்கணக்கில் ஓடும் என்கிறான் மச்சான். மறைத்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும்; எனக்கு அதுதான் பயமாயிருக்கிறது.)

முதலில் மேனேஜரிடம் போகிறாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீ சின்னப் பொண்ணு, எதையாவது போட்டுக் குழப்பிக்காத. நாளைக்கு நல்லா பேசு, போதும்" என்கிறார்.

"இதான் நடக்கும்" என்றான் மச்சான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ அந்தக் கமிட்டியில இருந்தா என்னடா பண்ணுவ?"

"இருந்திருக்கேன் மாமா. ஒரு பையன் இப்படித்தான் வந்து சொன்னான். அதுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு எங்களுக்கே தெரியல. நல்லா பேசின வேற பிள்ளைக்குக் குடுத்துட்டோம்" என்றான்.

இத்தனை நாளும் நான் அவளையே போட்டு உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், மேஜைக்கு இந்தப் பக்கம் கமிட்டியாக உட்கார்ந்திருப்பவர்களை ஏறிட்டும் பார்க்காமல்.

6

ஆகவே அறைக்குள் போகிறாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண். கிராஃப் திரையில் விழுகிறது. மேனேஜர் கதவோரம் பூரிப்பாக நிற்கிறார். கமிட்டியில் மூன்று பேர்.

"நல்லா குறைச்சிருக்கியே, எப்படிம்மா?" என்கிறார் உற்பத்தித் தலைவர்.

"நான் குறைக்கல சார். அளக்குறப்போ தப்பு பண்ணிட்டேன். பெயின்ட் கீறாம இருக்க, சென்சாருக்கு அடியில ரப்பர் வச்சேன். கோடு விழுந்த இடத்துல இருந்து எந்த நம்பரையும் நம்பாதீங்க. அந்தப் பம்பெல்லாம் மறுபடி பார்க்கணும். லாரி இன்னும் கிளம்பல."

சொல்லிவிட்டாள். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கும் திராணி இல்லை. மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. உற்பத்தித் தலைவர் பேனாவை மூடுகிறார். பக்கத்தில் இருக்கும், வேலைக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். அம்மாள், "சரி, அடுத்த பிள்ளைய வரச் சொல்லலாமா?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

மூன்றாவது ஆளை நான் எழுதவே இல்லை. முகமும் கொடுக்கவில்லை, வசனமும் கொடுக்கவில்லை. அது நீங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே யாரோ லாரியைக் கிளப்புகிறார்கள்.

ஏதாவது சொல்லுங்கள்.